சன்ஸ்கிரீன், ஹார்மோன்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

முல்லைக்கொடி:
சன்ஸ்கிரீனில் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கச் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன் ஹார்மோனைக் குழப்பலாம் என்ற பயம் இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு அப்போது நான்கு மாதம். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வெயிலில் அலைந்துவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் பால் கொடுக்க உட்கார்ந்தேன். என் கழுத்தைத் தடவிய கையை அப்படியே வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்துவிட்டாள். பதறிப்போய் டியூபைத் திருப்பிப் பார்த்தேன். பட்டியலில் அதே பெயர். தாய்ப்பாலிலும் இந்த ரசாயனங்களைக் கண்டிருக்கிறார்கள் என்று அன்றிரவு படித்தேன், அதோடு தூக்கம் போச்சு. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சப்புகிற சத்தம்தான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

தூரத்துமேகம்:
எனக்குப் பயமில்லை, எரிச்சல்தான். கருத்தரிப்புச் சிகிச்சையில் இருந்தபோது மருத்துவரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "வெயிலில் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கையில் 2019-இல் வந்த அமெரிக்க ஆய்வின் தாள் இருந்தது. பூசிய முதல் நாளே ரத்தத்தில் ஆக்ஸிபென்சோன் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற அளவைத் தாண்டியது என்று அதில் கோடு போட்டு வைத்திருந்தேன். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
தூரத்துமேகம், 0.5 என்பது ஆபத்துக்கோடு இல்லை. அதைத் தாண்டினால் இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 2001 ஆய்வில் இதை ஊட்டிய எலிகளுக்குக் கருப்பை எடை கூடியது உண்மை, பெண் ஹார்மோன் போல அது வேலை செய்ததற்கு அடையாளம். ஆனால் உணவில் கலந்து ஊட்டிய அளவு எவ்வளவு என்று பாருங்கள்! 2004-இல் 32 பேருக்கு ஒரு வாரம் உடம்பு முழுக்கப் பூசிப் பார்த்தார்கள், ஹார்மோனில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஒரு வாரம் போதுமா என்றால், போதாதுதான். ஹவாய் 2021 முதல் இதன் விற்பனையைத் தடை செய்தது பவளப்பாறைக்காக, அதை இதோடு குழப்பாதீர்கள்.

என் கதையா? மூக்கோரம் ஆறாத புண், வெட்டி எடுத்து ஐந்து தையல். தோல் புற்று. சன்ஸ்கிரீனே பூசாதவன் நான்.

பயமிருந்தால் இதற்குப் பதில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருப்பதை வாங்குங்கள். லேபிளில் பென்சோபீனோன்-3 என்று போட்டிருந்தாலும் அது ஆக்ஸிபென்சோன்தான். ஐரோப்பாவில் 2022-இல் முகத்துக்கான உச்ச அளவை 6 சதவீதத்திலேயே விட்டுவிட்டு, உடம்புக்கு 2.2 என்று குறைத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூசாமல் நிழலில் வையுங்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி...

தூரத்துமேகம்:
இதில் பாதியை அந்த மருத்துவர் சொல்லியிருந்தால் நான் இங்கே எழுதியே இருக்க மாட்டேன்.

முல்லைக்கொடி:
நான் யோசனை கேட்கவில்லை, கணக்குப்பிள்ளை. துத்தநாகத்துக்கு எப்போதோ மாறிவிட்டேன். முதல் நாள் வெள்ளை வெளேரென்று பூசிக்கொண்டு தூக்கப் போனேன், யாரோ என்று நினைத்து வீறிட்டு அழுதாள்.