லைட்டு எரியுது, லைன் பாதிதான் இருக்குது

பல்லடத்துக்காரன்:
நூல் மில்லு ஒண்ணுல நெட்வொர்க் பாக்கறனுங்க. ஆபீஸ் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் பஞ்சு குடோன் ஸ்விட்சுக்கும் ரெண்டு ஃபைபர் லைன். ஒண்ணு ஓடும், இன்னொண்ணை ஸ்பேனிங் ட்ரீ (டேட்டா வட்டமாச் சுத்தாமப் பாத்துக்கற ஏற்பாடு) குடோன் பக்கம் அடைச்சு வெச்சிருக்கும். அடைச்ச லைன்ல ரெண்டு முனையிலயும் மீடியா கன்வெர்ட்டர், ஃபைபரைக் காப்பர் கேபிளுக்கு மாத்தற டப்பா.

ஒரு நா காத்தால அஞ்சாறு லாரி வரிசையா நிக்குது. எடைமேடை தம்பி கூப்புட்டு, "பில்லு வர மாட்டீங்குதுங்ணா, லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுது"ங்கறான். போய்ப் பாத்தா எல்லா போர்ட்டும் ஒண்ணாப் படபடங்குது. லூப்! டேட்டா ரெண்டு லைன்லயும் சுத்திச் சுத்தி வருது. ஒரு லைனைப் புடுங்குனதும் அடங்கிருச்சு.

தேடுனா, குடோன் கன்வெர்ட்டர்ல மாட்டியிருந்த பேட்ச் கார்டுல (சின்ன ஃபைபர் வயர்), அனுப்பறதுக்கு ஒண்ணு வாங்கறதுக்கு ஒண்ணுன்னு இருக்கற ரெண்டு இழையில வாங்கற இழையை மட்டும் சுண்டெலி கடிச்சிருக்குது. குடோன்ல இருந்து போறது போகுது, வர்றது வரலை. நேரா ஃபைபர் போர்ட்டா இருந்தா வெளிச்சம் நின்னதும் போர்ட்டு டவுன் ஆயிருக்கும். இங்க ஸ்விட்சுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவுல காப்பர், அது கெட்டியா இருக்குது. பிபிடியூ, அதாவது ஸ்பேனிங் ட்ரீக்காக ஸ்விட்சுங்க அனுப்பிக்கற தகவல், வரலைன்னதும் குடோன் ஸ்விட்சு 20 செகண்டு பொறுத்து, அப்பறம் லிசனிங் 15, லேர்னிங் 15ன்னு ரெண்டு கட்டம் தாண்டி மொத்தம் 50 செகண்டுல அடைச்ச கதவைத் தொறந்து உட்ருச்சு.

யூடிஎல்டி (லைன் ஒரு பக்கம் மட்டும் ஓடுனாக் கண்டுபுடிச்சு போர்ட்டை அடைக்கறது) போடலையான்னு கேப்பீங்க. போட்டிருந்தனுங்க, குளோபல்ல, ஸ்விட்சு முழுசுக்கும் பொதுவா! சிஸ்கோவுல அது ஃபைபர் போர்ட்டுக்கு மட்டுந்தான் ஏறும். காப்பருக்கு இன்டர்ஃபேசுக்குள்ள, அந்தந்த போர்ட்டோட செட்டிங்குக்குள்ள போயி 'யூடிஎல்டி போர்ட்'னு தனியாக் குடுக்கணும், ரெண்டு முனையிலயும். இப்ப 'ஷோ யூடிஎல்டி'ல பைடைரக்ஷனல்னு, ரெண்டு பக்கமும் ஓடுதுன்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்குக் கெளம்பறேன்.

பெருந்துறை நைட் ஷிப்ட்:
நான் ஒரு படி மேல போயி யூடிஎல்டில அக்ரெசிவ் (எதிராளி பேச்சு நின்னாலே போர்ட்டை அடைக்கற முறை) போட்டு மாட்டுனேன். ஆபீஸ் பக்கத்து கன்வெர்ட்டர் யூபிஎஸ்ல இல்ல, கரண்டு போனதும் செத்துருச்சு. குடோன் ஸ்விட்சுக்கு லிங்க் அப்புலயே இருக்குது, ஆனா எதிராளி பேசலை. செகண்டுக்கு ஒண்ணா 8 தடவை கூப்புட்டுப் பாத்துட்டு எர்-டிசேபிள், போர்ட்டைத் தானா அடைச்சிருச்சு. கரண்டு வந்தும் போர்ட்டு வரலை. ஈரோட்டுல இருந்து ராத்திரி பைக்ல போயி ஷட், நோ ஷட் குடுத்து போர்ட்டை அணைச்சு எழுப்பிட்டு வந்தேன். அதுக்கப்புறம் எர்-டிசேபிள் ரெகவரில யூடிஎல்டியச் சேத்துட்டேன், 300 செகண்டுல தானா வந்துரும்.

சூலூர் மாப்ள:
15 செகண்டுக்கு ஒருக்கா தகவல் அனுப்பற இன்டர்வெல்லுக்கு யூடிஎல்டி கண்டுபுடிக்கவே சுமார் 41 செகண்டு ஆகும். பழைய ஸ்பேனிங் ட்ரீயோட 50 செகண்டுக்கு அது மட்டு மட்டுமா சரி. ரேபிட்ல (வேகமான புது ஸ்பேனிங் ட்ரீ) 3 ஹலோ, 2 செகண்டுக்கு ஒண்ணா வர்ற பிபிடியூ, தவறுனா, அதாவது 6 செகண்டுல, பழைய தகவலைத் தூக்கிப் போட்டுரும். அங்க லூப் கார்டும் (பிபிடியூ நின்னாலும் அடைச்ச போர்ட்டைத் தொறக்க உடாத காவல்) சேத்துப் போடுங்க. பிபிடியூ திரும்பி வந்தா போர்ட்டு தானா பழைய நெலைக்கு வந்துரும், பைக் எடுக்க வேண்டியதில்ல.

பல்லடத்துக்காரன்:
லூப் கார்டு இன்னைக்கே போட்டர்றேன் மாப்ள. ஃபைபர் செத்தா காப்பரையும் சேத்து எறக்கற கன்வெர்ட்டர் கேட்டு மொதலாளிகிட்ட எழுதிக் குடுத்துருக்கேன். அதுக்கு இன்னும் கையெழுத்து வரலை. எலிப்பொறி மட்டும் ரெண்டு வந்துருக்குது.