டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை முடித்ததும் ஸ்டீயரிங் நடுங்குகிறது, இனுவிக்கில் நிற்கிறேன்

தாழ்வண்டி:
வணக்கம். நேற்று இரவு கனடாவின் வடக்கே உள்ள இனுவிக் ஊருக்கு வந்து சேர்ந்தேன். (இரவு என்பது கடிகாரக் கணக்குதான், சூரியன் மறையவே இல்லை.) வண்டி இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். மாடல் பெயரைச் சொன்னால் "இதையா அங்கே கொண்டுபோனாய்" என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், அதனால் சொல்லவில்லை. 18 அங்குல ரிம், ஒல்லியான பக்கச்சுவர் உள்ள டயர். ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் பசைக் குப்பியும் சின்ன கம்ப்ரஸரும் மட்டும்தான்.

டாசன் சிட்டிக்குக் கிழக்கே 40 கிலோமீட்டரில் டெம்ப்ஸ்டர் சரளைச் சாலையில் திரும்பி இங்கே வரை சுமார் 740 கிலோமீட்டர். முதல் நாள் காய்ந்த சரளை, தொந்தரவே இல்லை. 369ஆவது கிலோமீட்டரில் ஈகிள் ப்ளெயின்ஸில் பெட்ரோல் போட்டுத் தங்கினேன். மறுநாள் 405இல் ஆர்க்டிக் வட்டப் பலகையைத் தாண்டியதும் மழை பிடித்தது. அப்புறம் பீல் ஆற்று ஃபெரி வரை சோப்பு தடவியதுபோல் வழுக்கல், வண்டியின் அடித்தட்டு எத்தனை முறை உரசியது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் கடைசி 10 கிலோமீட்டர் தார் போட்டது. அங்கே வேகம் 70ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. வலது முன் சக்கரத்தில் 'கீச்' என்று இரும்புச் சத்தம் வேறு, பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. சரளையில் எல்லாமேதான் நடுங்கியது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போய்விட்டதா? நாளை கடலோர ஊரான டக்டோயாக்டக் வரை போய்க் கடலைப் பார்க்கலாமா?

வளைவுப்பிரியன்:
அலைன்மென்ட்தான். உடனே பாருங்கள்.

பழைய லாரிக்காரன்:
அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் நடுங்கினால் முதல் சந்தேகம் பேலன்ஸ் மேல்தான், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. தம்பி, சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பார்த்தீர்களா? ரிம்முக்குள் சேறு அப்பியிருக்கும். ஒரு கைப்பிடி சேறு ஒரே இடத்தில் ஒட்டினாலே போதும்.

அந்தச் சாலையில் புழுதி எழாமல் இருக்க கால்சியம் குளோரைடு போடுவார்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நனைந்தால் நீங்கள் சொன்ன சோப்பு. காய்ந்தால் சிமென்ட். வெளிப்பக்கம் தண்ணீர் அடித்தால் போகாது, ஊறவைத்து மரக்குச்சியால் சுரண்டுங்கள். பிரேக் ஹோஸில் குச்சி படக்கூடாது. உப்பு என்பதால் அடியையும் நன்றாகக் கழுவுங்கள், துரு பிடிக்கும்.

கீச் சத்தம் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே சிக்கிய கல்லாக இருக்கலாம். மெதுவாகப் பின்னே எடுத்து முன்னே விடுங்கள், பாதி நேரம் தானாகவே விழும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித் தகட்டைக் கையால் லேசாக வளையுங்கள்.

தாழ்வண்டி:
அண்ணா, இரண்டாவது தடவை பின்னே எடுத்தபோதே கல் விழுந்தது! நகத்தளவு கல், அவ்வளவு சத்தம். நான்கு ரிம்மிலிருந்தும் ஒரு வாளி சேறு எடுத்தேன். நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது, ஆனால் 80க்கு மேல் இன்னும் லேசாக இருக்கிறது.

வளைவுப்பிரியன்:
மீதியைக் கண்டுகொள்ளாதீர்கள். டயரில் காற்றை 20 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் சரளையில் மெத்து மெத்தென்று போகும்.

பழைய லாரிக்காரன்:
உயரமான டயர் போட்ட பிக்கப்புக்குச் சொல்ல வேண்டியதை இவரிடம் சொல்லாதீர்கள். ஒல்லி டயரில் அவ்வளவு காற்றை இறக்கினால் குழியில் விழும்போது ரிம் நேராகத் தரையைத் தொடும். டயர் நடுவில் நசுங்கி அறுபடும்.

தம்பி, மீதி நடுக்கத்தை விடாதீர்கள். நான்கு டயரின் உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு இருக்கிறதா?

தாழ்வண்டி:
இருக்கிறது. இடது முன் டயர், உள்பக்கம், பாதி எலுமிச்சை அளவு. ஃபெரியில் ஏறும்போது 'டொம்' என்று ஒரு அடி விழுந்தது, அதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய லாரிக்காரன்:
அப்படியென்றால் டயர் சுவருக்குள் பலம் கொடுக்கும் நூல் அறுந்துவிட்டது. பசை, ஒட்டு எதுவும் அதைப் பிடிக்காது. டக்டோயாக்டக் 138 கிலோமீட்டர்தானே என்று கிளம்ப வேண்டாம். அதுவும் சரளைதான், கைபேசியை நம்பிப் போகும் பாதையும் அல்ல. அந்த அளவு டயர் இனுவிக்கில் கையிருப்பில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லையென்றால் விமானத்தில் வரவழையுங்கள். ஒன்று கேட்காதீர்கள், இரண்டு கேளுங்கள். திரும்பும் வழியில் கூரான ஷேல் (தகடுதகடாக உடையும் பாறை) கற்கள் இருக்கின்றன.

ரிம் விளிம்பு வளைந்திருக்கிறதா என்றும் டயரைக் கழற்றும்போது பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், திரும்பும்போது சாலை ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள். அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் உறைநிலம் உருகாமல் இருக்கத்தான் அவ்வளவு உயரத்துக்குச் சரளையைக் கொட்டியிருக்கிறார்கள், ஓரம் மெத்தென்று இறங்கும். எதிரே லாரி வந்தால் வேகத்தை நன்றாகக் குறையுங்கள், முன்கண்ணாடி பிழைக்கும்.

தாழ்வண்டி:
இரண்டு டயர் சொல்லிவிட்டேன், நான்கு நாள் ஆகுமாம். தங்குமிடத்தில் ஒருவர் நாளை பிக்கப்பில் டக்டோயாக்டக் போகிறார், ஏறிக்கொள்ளச் சொன்னார். கடைசியாக ஒன்று: அடித்தட்டைக் கழற்றி வைத்துவிட்டால் உரசாதே?

பழைய லாரிக்காரன்:
வேண்டாம். கல் நேராக இன்ஜின் அடியில் அடிக்கும். தட்டின் மேல் சேர்ந்த சேற்றை மட்டும் எடுங்கள், பத்துக் கிலோ இருக்கும்.

தாழ்வண்டி:
எடுத்தேன் அண்ணா. பத்து அல்ல, இரண்டு வாளி.