மாமாவின் கால்குலேட்டரும் என் கட்டைவிரலும்

எங்க மாமா சவூதியில் சர்வேயராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது எனக்கென்று கொண்டுவந்தது ஒரு எச்பி 48ஜிஎக்ஸ் கால்குலேட்டர், 1993-இல் வெளிவந்த மாடல். நான் அப்போது பாளையங்கோட்டையில் டிப்ளமோ. வாங்கியதும், "மாமா, ஈக்குவல் பட்டன் எங்க?" என்று கேட்டேன். "அது கிடையாதுல மருமவனே. 3, எண்டர், 4, பிளஸ். அம்புட்டுதான்." எண்களை முதலில் கொடுத்துவிட்டு, கூட்டலா கழித்தலா என்பதைக் கடைசியில் தட்டுகிற முறை. புரோகிராம் போடலாம் என்பதால் பரீட்சை ஹாலுக்குள் அதை விடவில்லை, அங்கே கேசியோ 991 தான்.

அதன் அருமை தெரிந்தது பணகுடிப் பக்கம் சர்வே வேலைக்காக சைட்டுக்குப் போனபிறகு. ஆடிக் காற்றில் அளவு குறிக்கும் ஃபீல்டு புக்கை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தே ஆகவேண்டும், ஆக கால்குலேட்டரைப் பிடிப்பதும் அடிப்பதும் அதே வலது கைதான், கட்டைவிரல் ஒன்றுதான் வேலை செய்யும். பட்டன் இறங்கினால் டக்கென்று விரலுக்கே தெரியும், பார்க்க வேண்டாம். எண்களுக்கு மேலே இடது ஓரத்தில் இரண்டு பட்டன் அகலத்துக்கு எண்டர், வலது கீழ் மூலையில் பிளஸ். வெயிலில் திரை தெரியாவிட்டால் ஆன் பட்டனைப் பிடித்துக்கொண்டு பிளஸையோ மைனஸையோ தட்டினால் எழுத்து அடர்த்தி கூடும், குறையும். திரைக்குக் கீழே பெயர் எழுதாத ஆறு பட்டன்கள். நாம் போட்ட புரோகிராமின் பெயர் அதற்கு நேர்மேலே திரையில் வரும். மாமா எழுதி வைத்திருந்ததில் தூரமும் பேரிங்கும், அதாவது திசைக் கோணமும், கொடுத்து ஒரே தட்டு, வடக்கே எவ்வளவு கிழக்கே எவ்வளவு என்று நார்த்திங் ஈஸ்டிங் வந்துவிடும்.

பழசைப் பத்திரப்படுத்தலாம் என்று பிறகு எச்பியிலேயே 50ஜி ஒன்று வாங்கினேன். 3 + 4 என்று எழுதுகிற வரிசையிலேயே அடிக்கும் அல்ஜிப்ராயிக் முறையில் இருந்தது, மோட் பட்டனில் போய் மாற்றிக்கொண்டேன், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அதில் வலது கீழ் மூலையில் இருப்பது எண்டர், பிளஸ் அதற்கு ஒரு வரி மேலே. தூரங்களைக் கூட்டிக்கொண்டே போகிறேன் என்று நான் நினைக்க, திரையில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன, மொத்தத்தைக் காணோம். பழைய எண்டர் இருந்த இடத்தில் இப்போது 10-இன் அடுக்குக்கான பட்டன். 125 அடித்து அதை அமுக்கினால் பின்னால் இங்கிலீஷ் 'ஈ' (E) ஒன்று வந்து உட்காரும். தப்பு கால்குலேட்டர் மேல் இல்லை, பத்து வருஷமாக ஒரே இடத்துக்குப் போய்ப் பழகிய விரல். ஸ்டாஃபை, அதாவது அளவுகோலை, பிடித்து நின்ற பையன், "அண்ணாச்சி, இன்னும் எவ்வளவு நேரம்தான் டக்கு டக்குன்னு தட்டுவீக?" என்று கத்திவிட்டான்.

இப்போது போனிலேயே 48 மாதிரியே வேலை செய்யும் எமுலேட்டர் ஆப் கிடைக்கிறது. சரி, கண்ணாடியில் எந்தப் பட்டனைத் தடவிக் கண்டுபிடிக்க?

போன பொங்கலுக்கு மாமாவிடம் 50ஜியைக் காட்டினேன். கண்ணாடி போடாமலே வாங்கி ஏதோ எண்ணை அடித்தார், எண்டர் என்று இடது ஓரத்தில் அமுக்கினார், ஈ வந்து உட்கார்ந்தது. "போல, பழசையே எடுத்துட்டுப் போ" என்று திருப்பி நீட்டிவிட்டார்.