சிட்டி ஜெயித்ததும் நம் பசங்க தோற்றதும்

வியாசர்பாடி, தெரு ஃபுட்பால் குழு
2024 டிசம்பர் 16, திங்கட்கிழமை

கீப்பர் தம்பி – இரவு 12:04
முடிந்தது. மான்செஸ்டர் யுனைடெட் 2, நம் மாடி வீட்டு அண்ணனின் மான்செஸ்டர் சிட்டி 1. 88-வது நிமிடம் வரை சிட்டிதான் ஒரு கோல் முன்னால் இருந்தது. யுனைடெட்டின் ப்ரூனோ பெனால்டி அடித்தார், அடுத்த இரண்டு நிமிடத்தில் அமாட் அடித்துவிட்டார்.

மாடி வீட்டு அண்ணன் – 12:06
பார்த்தேன்டா. கடைசி 11 ஆட்டத்தில் எட்டாவது தோல்வி. இன்றைக்குத் தூக்கம் வராது.

ஹார்பர் மாமா – 12:10
அந்த டீமுக்காக நீ ஏன்டா தூக்கம் கெடணும்? 115 குற்றச்சாட்டு இருக்கிறது அவங்க மேல. கணக்கை மாற்றி எழுதிக் கப்பு வாங்கினவங்க. சாயங்காலம் ஃபைனலில் நம்ம 15 வயசுப் பசங்களை அடித்தவங்களும் அதே ரகம்தான். பின்னால் நின்று தடுக்கிற அந்த ஸ்டாப்பர் பையனுக்குக் கன்னமெல்லாம் தாடி. அவனுக்கு 15 வயசு என்றால் யார் நம்புவாங்க?

மாடி வீட்டு அண்ணன் – 12:17
மாமா, இரண்டையும் ஒன்றாக்காதீங்க. சிட்டி தொடர்ந்து நான்கு வருஷம் லீக் ஜெயித்தது. இங்கிலாந்தில் அதற்கு முன் எந்த டீமும் அதைச் செய்ததில்லை. 2017-18-ல் 100 பாயின்ட், 106 கோல். அதெல்லாம் நோட்டில் எழுதின கோல் இல்லை. கோச் பெப் கார்டியோலா 2016-ல் வந்ததுமே கீப்பர் ஜோ ஹார்ட்டை வெளியே அனுப்பினார். காலால் பாஸ் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிற கீப்பர் வேண்டும் என்றார். ஸ்டோன்ஸ் ஸ்டாப்பராக ஆடியவர், அவரை நடுக்களத்துக்கு ஏற்றினார். அந்த சீசனில்தான் ரியல் மாட்ரிட்டை 4-0 என்று அடித்து, இஸ்தான்புல்லில் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக்கும் எடுத்தார்கள். இப்போது நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரிக்கு செப்டம்பரில் முழங்கால் போனது. பணம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஒரு ஆள் இல்லாமல் டீம் தடுமாறுகிறது. அப்படியென்றால் ஜெயித்தது ஆட்டத்தால்தானே?

ஹார்பர் மாமா – 12:19
ரோட்ரியை 2019-ல் ஸ்பெயின் கிளப் அட்லெடிகோவிடமிருந்து வாங்கியது எந்தப் பணம்?

கீப்பர் தம்பி – 12:20
எனக்கு சிட்டி கீப்பர் எடர்சன் பிடிக்கும். அவரை வைத்துத்தான் நான் பாஸ் பழகுகிறேன். அவர் ஜெயித்தது எல்லாம் பொய் என்று சொன்னால் கஷ்டமா இருக்கு மாமா.

மளிகைக் கடை அண்ணாச்சி – காலை 5:52
ராத்திரி முழுக்க போன் சத்தம். அந்த 115 என்னதான்? பந்தைக் கையால் தட்டினாங்களா, ரெஃப்ரிக்குக் காசு கொடுத்தாங்களா?

ஆடிட்டர் ஆபிஸ் அக்கா – 6:48
இல்லை அண்ணாச்சி, கிரவுண்டில் நடந்தது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாம் கணக்கு விஷயம். ஒரு கிளப் தான் சம்பாதிக்கிற வருமானத்தை ஒட்டித்தான் செலவு செய்ய வேண்டும், முதலாளி பணக்காரர் என்பதற்காகக் கொட்டக் கூடாது என்று விதி. அபுதாபி ஷேக் 2008-ல் சிட்டியை வாங்கினார். அவர் தரப்புப் பணமே விளம்பரதாரர் பணம் என்ற பெயரில் உள்ளே வந்தது, ஒரு மேனேஜருக்கும் சில ஆட்டக்காரர்களுக்கும் கொடுத்த சம்பளம் முழுதாகக் காட்டப்படவில்லை, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை. சுருக்கமாக இவைதான் குற்றச்சாட்டுகள். உங்கள் கடையில் உங்கள் மச்சான் கொடுத்த பணத்தை ‘வியாபாரம்’ என்று எழுதிவிட்டு, அதைக் காட்டி பேங்கில் பெரிய கடன் வாங்கினால் எப்படியோ, அப்படி.

சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது. 2020-ல் ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பு தன் போட்டிகளில் ஆட இரண்டு வருஷம் தடை போட்டது. விளையாட்டு நடுவர் மன்றம் அதை ரத்து செய்து, ஒத்துழைக்காததற்கான அபராதத்தை மட்டும் 3 கோடி யூரோவிலிருந்து 1 கோடியாகக் குறைத்து நிறுத்திக்கொண்டது. சில புகார்கள் நிரூபிக்கப்படவில்லை, சில காலாவதி ஆகியிருந்தன. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2023 பிப்ரவரியில் தனியாகப் போட்டதுதான் இப்போதைய வழக்கு. விசாரணை இந்த மாத ஆரம்பத்தில் முடிந்தது. தீர்ப்பு வரவில்லை.

மாமா, தீர்ப்பு வருகிற வரைக்கும் ‘திருடினாங்க’ என்று எழுத வேண்டாம்.

ஹார்பர் மாமா – 7:02
அதே லீக்கில் எவர்ட்டன் கிளப்புக்கு மட்டும் உடனே பத்து பாயின்ட் வெட்டினாங்களே?

ஆடிட்டர் ஆபிஸ் அக்கா – 7:05
எவர்ட்டன் செலவு விதியை மீறியதை ஒத்துக்கொண்டது மாமா. எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் தகராறு. அப்பீலில் பத்து ஆறானது, பிறகு வேறொரு வழக்கில் இரண்டு போனது. சிட்டி ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்பது சீசன் கணக்கைக் கிளற வேண்டும். தாமதம் எனக்கும் பிடிக்கவில்லை. அந்த வருஷங்களில் விதிக்குள் இருந்து இரண்டாம் இடம் வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

ஹார்பர் மாமா – 7:14
சரி, அக்கா சொல்வதைக் கேட்கிறேன். ஆனால் ‘நல்லா ஆடுறாங்க, அதனால் திருட மாட்டாங்க’ என்று மாடி வீட்டுத் தம்பி சொல்வதை ஒத்துக்க மாட்டேன். 2006 ஞாபகம் இருக்கா? இத்தாலி கிளப் யுவென்டஸ். பஃபோன், கன்னவாரோ, டெல் பியரோ. அதே வருஷம் ஜூலையில் இத்தாலிக்காக உலகக் கோப்பை தூக்கினவங்க. அவங்களுக்கு யார் உதவியும் தேவையில்லை. அப்படியும் கிளப்பின் மேலாளர் மோஜ்ஜி, எந்த ஆட்டத்துக்கு எந்த ரெஃப்ரி என்று முடிவு செய்கிறவங்களோடு போனில் பேசினது வெளியே வந்தது. கப்பைப் பிடுங்கி இரண்டாவது டிவிஷனுக்கு இறக்கினாங்க. திறமை இருக்கிறவனும் தப்பு செய்வான். தோற்றுவிடுவோமோ என்கிற பயம் அவனுக்குத்தான் அதிகம்.

மாடி வீட்டு அண்ணன் – 7:16
இது நியாயமான பேச்சு மாமா. ஆனால் யுவென்டஸுக்குப் போன் பேச்சு ஆதாரம் இருந்தது.

பத்தாம் நம்பர் அம்மா – 7:31
எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்து டீம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் பையன் ராத்திரி சாப்பிடவே இல்லை. “அவங்க வயசு ஏமாற்றுறாங்கம்மா, நாம எவ்வளவு ஓடினாலும் பிரயோஜனம் இல்லை, நான் இனிமேல் காலையில் போக மாட்டேன்” என்கிறான். இன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை. கோச் தம்பி, அவனுக்கு நான் என்ன சொல்வது?

கோச் அண்ணன் – 8:20
அக்கா, இப்போதுதான் கிரவுண்டிலிருந்து வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்ன அந்த ஸ்டாப்பர் பையன் மேல் எனக்கும் சந்தேகம் இருக்கிறது. மறைக்கவில்லை. ஆனால் ஃபைனலில் நாம் வாங்கிய மூன்று கோலில் இரண்டு கார்னரில் வந்தவை. இரண்டும் ஒரே மாதிரி: ஒருவன் முன் போஸ்டுக்கு ஓடித் தலையால் தட்டிவிடுகிறான், பின்னால் சும்மா நிற்கிறவன் உள்ளே போடுகிறான். அடித்த பையன்கள் இரண்டு பேரும் நம் பசங்களைவிடக் குள்ளம். அந்த டீம் இதைப் பயிற்சி செய்ததை நான் பல நாள் பார்த்திருக்கிறேன், நாங்கள் வருவதற்கு முன்பே வந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரே டீமிடம் நல்ல பயிற்சியும் இருக்கலாம், வயது மோசடியும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது. எதை எதிர்த்து எது செய்வது என்பதுதான் வேறு. மோசடிக்குச் சான்றிதழ் கேட்க வேண்டும். கார்னருக்கு நாம் காலையில் எழுந்துதான் ஆக வேண்டும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப் கோச்சாக இருந்த பியல்சா கதை உங்களில் சிலருக்குத் தெரியும். 2019 ஜனவரியில் எதிரணியான டெர்பி கவுண்டி கிளப்பின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே அவர் அனுப்பிய ஆள் பிடிபட்டார். பியல்சா மறைக்கவில்லை. எல்லா எதிரணியையும் இப்படிப் பார்க்க ஆள் அனுப்பினேன் என்றார். பத்திரிகைக்காரர்களை உட்காரவைத்து, தான் தயாராகிற விதத்தையும் காட்டினார். டெர்பியின் முந்தைய சீசன் ஆட்டங்கள் 51, ஒவ்வொன்றையும் அலசச் சுமார் நான்கு மணி நேரம். இவ்வளவு தெரிந்தவருக்கு வேலிக்கு வெளியே ஆள் எதற்கு? தேவையில்லை, மனப் பதற்றம் குறைகிறது என்பதற்காகச் செய்தேன் என்கிற மாதிரிதான் அவரே சொன்னார். இரண்டு லட்சம் பவுண்டு அபராதம். ஆட்டத்துக்கு முன் 72 மணி நேரத்தில் எதிரணிப் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று பிறகு விதியே வந்தது. அந்த சீசனில் டெர்பியை மூன்று முறை அடித்த லீட்ஸ், மேல் டிவிஷனுக்குப் போவதற்கான பிளே ஆஃப் இரண்டாம் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் 4-2 என்று அதே டெர்பியிடம் தோற்று வெளியே போனது. ஒளிந்து பார்த்தது ஒன்றுக்கும் உதவவில்லை, பெயர் மட்டும் கெட்டது.

சிட்டி விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு உண்மையானால், மாடி வீட்டுத் தம்பி பெருமைப்படுகிற பயிற்சியே அந்தப் பணத்தில் வாங்கியதாகிவிடும். அப்போது உழைப்பு பொய்யாகாது, ஆனால் அந்த உழைப்புக்கான வாய்ப்பு மற்றவர்களுக்குக் கிடைக்காமல் போனதும் உண்மையாகிவிடும். இதில் ஆட்டக்காரனை நான் குறை சொல்ல மாட்டேன். கீப்பர் தம்பி, நீ எடர்சனைப் பார்த்துத் தாராளமாகக் கற்றுக்கொள்.

கீப்பர் தம்பி – 8:27
நன்றி அண்ணா. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் கனடா பெண்கள் டீமும் இப்படித்தான். நியூசிலாந்து பயிற்சிக்கு மேல் டிரோன் விட்டு மாட்டினார்கள். ஆறு பாயின்ட் போனது, கோச்சுக்கு ஒரு வருஷம் தடை. அப்புறம் மூன்று ஆட்டமும் ஜெயித்துக் கால் இறுதிக்குப் போனார்கள். டிரோன் இல்லாமலேயே ஜெயிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

மளிகைக் கடை அண்ணாச்சி – 8:40
அப்போ நம்ம பசங்க விஷயத்தில் வயசை எப்படித்தான் கண்டுபிடிப்பது? தாடியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

கோச் அண்ணன் – 8:46
முடியாது அண்ணாச்சி. 13 வயதில் மீசை வருகிற பையனும் உண்டு, 17-லும் வராத பையனும் உண்டு. பெரிய போட்டிகளில் மணிக்கட்டு எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஃபிஃபா 2009 முதல் 17 வயது உலகக் கோப்பையில் ஸ்கேன் வைத்தது, நம் ஊர் இளையோர் லீக்குகளிலும் எலும்புப் பரிசோதனை உண்டு. தெருப் போட்டியில் அதற்கெல்லாம் வசதி இல்லை. பிறந்த உடனே பதிவு செய்த சான்றிதழும் பள்ளிச் சான்றும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதுதான் நம்மால் முடிவது.

இன்னொன்று. வயது குறைத்து ஆடுகிற பையனுக்கும் அது நல்லதில்லை. சின்னப் பசங்க மத்தியில் உடம்பை வைத்தே ஜெயித்துப் பழகுகிறான், பந்தைக் காலில் வைக்கப் பழகுவதில்லை. 19 வயதில் எல்லாரும் அவன் அளவு வந்ததும் அவனிடம் ஒன்றும் மிஞ்சாது. இப்படிக் காணாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் வியாசர்பாடியிலிருந்து போன நந்தகுமார் 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோலில் அதே ஊர் கிளப் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. நாலு வருஷத்துக்கு மேல் மோகன் பகானை ஜெயிக்காமல் இருந்த கிளப் அது. அந்த மாதிரி ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் அடிப்படை வேண்டும். பத்தாம் நம்பரிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா. அவன் இடது கால் நன்றாக இருக்கிறது. அவன் ஆட்டத்தை விட்டுப் போகக் கூடாது.

பத்தாம் நம்பர் அம்மா – 8:51
படித்துக் காட்டினேன் தம்பி. ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஷூவை எடுத்து வெயிலில் வைத்திருக்கிறான்.

மாடி வீட்டு அண்ணன் – 8:53
நாளை முதல் நான் வந்து கார்னர் போடுகிறேன் அண்ணா. ஐந்தரைக்கு.

ஹார்பர் மாமா – 9:05
அப்போ போட்டி நடத்தினவங்களுக்கு ஒரு கடிதம் கொடுத்தே ஆகணும். நான் நேரில் போய்க் கொடுக்கிறேன்.

ஆடிட்டர் ஆபிஸ் அக்கா – 9:30
எழுதிவிட்டேன் மாமா, கோச் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். ‘மோசடி’ என்று எங்கேயும் இல்லை. அடுத்த போட்டிக்கு முன் எல்லா டீமின் வயதுச் சான்றையும் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எல்லா டீமும் என்றால் நாமும்தான். நம் பக்கம் மூன்று பேருடைய பிறப்புச் சான்றிதழ் நகல் இன்னும் வரவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் கடையில் கொடுத்துவிடுங்கள்.

மளிகைக் கடை அண்ணாச்சி – 9:34
கொண்டு வாங்க, நான் வாங்கி வைக்கிறேன். ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கும்.