ஐந்தாண்டு டெபுடேஷன்: இரண்டாம் ஆண்டிலேயே திருப்பி அனுப்பினால் வழக்கு நிற்குமா?

நடுமேசை:
மத்திய அரசு அதிகாரி ஒருவர் வேறொரு மத்தியத் துறைக்கு டெபுடேஷனில், அதாவது தாய்த்துறையிலிருந்து குறித்த காலத்துக்கு அயல்பணியில், போகிறார். ஆணையில் ஐந்தாண்டு என்று இருக்கிறது. இரண்டாம் ஆண்டில், ‘உடனடியாகத் தாய்த்துறைக்குத் திருப்பப்படுகிறார்’ என்று ஒற்றை வரி ஆணை வருகிறது. காரணம் எதுவும் இல்லை. இதை எதிர்த்துப் போட்ட வழக்கு நிற்காது என்பது என் கட்சி. 2000இல் குணால் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: டெபுடேஷனில் வந்தவரை எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம், அங்கேயே நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

கறுப்புக்கோட்டு:
எல்லாரும் அந்த ஒரு தீர்ப்போடு நின்றுவிடுகிறார்கள். அந்த வழக்கில் சிஆர்பிஎப்பிலிருந்து சிபிஐக்குப் போனவர் கேட்டது நிரந்தரச் சேர்ப்பு. குறித்த காலத்தை நடுவில் வெட்டுவது வேறு விஷயம். 2005இல் வி. ராமகிருஷ்ணன் வழக்கைப் பாருங்கள். காலம் குறிப்பிட்டிருந்தால், தகுதியின்மை, திருப்தியற்ற பணி போன்ற நியாயமான காரணம் இல்லாமல் பொதுவாக அதைக் குறைக்கக்கூடாது. காலமே குறிப்பிடாவிட்டாலும் உள்நோக்கம் இருந்தால் கேள்வி கேட்கலாம். 2015இல் எஸ்.என். மைத்தி வழக்கும் இதே பக்கம்தான்.

நடுமேசை:
மைத்தியை இதற்குள் இழுக்காதீர்கள். அவர் காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் பதவிக்குத் தேர்வு முறையில், குறித்த காலத்துக்கு நியமிக்கப்பட்டவர். இரண்டு துறைகள் கடிதம் எழுதி ஆளை மாற்றிக்கொள்ளும் வழக்கமான டெபுடேஷனுக்கு அது பொருந்தாது. முதலில் நியமன ஆணையை எடுத்துப் படிக்க வேண்டும். ‘ஐந்தாண்டு அல்லது மறு உத்தரவு வரும்வரை, எது முந்தியதோ’ என்று இருந்தால் உங்கள் வாதம் பாதி போச்சு.

பணிப்பதிவேடு:
இருவரும் மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் 17.6.2010 குறிப்பாணையை விட்டுவிட்டீர்கள். முன்கூட்டியே திருப்ப வேண்டுமானால் அனுப்பிய துறைக்கும் ஊழியருக்கும் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். ‘உடனடியாக’ என்று எழுதும்போதே அது மீறப்படுகிறது. இது வெறும் சடங்கு அல்ல. தாய்த்துறையில் காலியிடம் தேட அவகாசம் வேண்டாமா? இல்லாவிட்டால் ஆள் பணியிடம் கிடைக்காமல் கட்டாயக் காத்திருப்பில் உட்கார வேண்டியதுதான். மத்திய அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 9(6)(பி)யின்படி அந்தக் காலத்தைப் பணிக்காலமாகக் கருத இடமுண்டு. ஆனால் அதற்கான ஆணை வரும்வரை சம்பளப் பட்டியல் நகராது.

நடுமேசை:
அது நிர்வாக அறிவுறுத்தல், சட்ட விதி அல்ல. மீறினால் அதிகபட்சம் மூன்று மாத அவகாசம் கிடைக்கும், மீதி மூன்றாண்டு கிடைக்காது.

கறுப்புக்கோட்டு:
அந்த மூன்று மாதத்தில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது. ஆணையில் ‘பணி திருப்தியில்லை’ என்று எழுதினால் அது களங்கம். அவரிடம் விளக்கம் கேட்காமல் அப்படி எழுதக்கூடாது. எழுதாமல் விட்டால் காரணமற்ற ஆணை. துறை எந்தப் பக்கம் போனாலும் கோப்புக் குறிப்புகளை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் காட்ட வேண்டிவரும். நடைமுறையில் பல ஆணைகள் விழுவது அங்கேதான்.

பணிப்பதிவேடு:
எங்கே தாக்கல் செய்வது என்பதிலும் தவறு நடக்கிறது. டெபுடேஷனில் ஆளை எடுத்துக்கொண்ட அமைப்பு தன்னாட்சி நிறுவனமாக இருந்தால், 1985 நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 14(2)இன் கீழ் அது அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அதிகாரவரம்பு இல்லை என்று சொல்லிவிடும். உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுதான். பிரிவு 20 முதலில் துறையிடம் முறையிடச் சொல்கிறது. அவசரமென்றால் தீர்ப்பாயம் இதைத் தளர்த்தும். ஆனால் முறையீட்டின் நகலே இல்லாமல் போய் நிற்காதீர்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தரும் இடைக்காலத் தடை பிரிவு 24இன்படி 14 நாள்தான்.

நடுமேசை:
விடுவிப்பு ஆணை கைக்கு வந்தபின் தடை கேட்டால் ‘ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்டார்’ என்பார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கறுப்புக்கோட்டு:
சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காகப் பழைய இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடாது.

பணிப்பதிவேடு:
கூடவே கூடாது. காலம் முடிந்தபின் நீட்டிப்பு ஆணை எழுத்தில் இல்லாமல் தங்கினால் அந்த நாள்கள் ஓய்வூதியத்துக்குச் சேராது, ஊதிய உயர்வும் தள்ளிப்போகும். முன்கூட்டியே விடுவிக்கப்பட்டவர் தாய்த்துறையில் சேராமல் இருந்தால் அனுமதியில்லா விடுப்பு என்று தனிக் கோப்பு திறப்பார்கள். கடைசி ஊதியச் சான்றையும் பணிப்பதிவேட்டையும் அனுப்பச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். சேரும் அறிக்கையில் ‘வழக்கின் முடிவுக்கு உட்பட்டு’ என்று எழுதிச் சேருங்கள்.

நடுமேசை:
சேர்ந்தபின் வழக்கு முடிவதற்குள் ஐந்தாண்டும் கழிந்துவிடும். அப்போது மிஞ்சுவது டெபுடேஷனுக்கான படித்தொகை பாக்கிதான். அதுவும் தீர்ப்பாயம் மனம் வைத்தால்.

கறுப்புக்கோட்டு:
அதனால்தான் மனுவிலேயே விரைவு விசாரணை கேட்டு, அந்த இடத்தில் வேறு ஆளை நியமிப்பது வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படும் என்று ஒரு இடைக்கால உத்தரவும் கேட்கச் சொல்கிறேன். முழுத் தடையைவிட அது எளிதாகக் கிடைக்கும்.