மாப்பிள்ளையின் வேட்டியை நம்பி ஒயிட் பேலன்ஸ் வைக்கலாமா?

மாடவீதி:
திருமணப் படங்களில் ஒயிட் பேலன்ஸ் வைப்பது, அதாவது விளக்கால் வரும் நிறச்சாய்வை நீக்கி நிறத்தைச் சரிசெய்வது, எப்படி என்று சென்ற வாரம் இங்கே ஒரு புதியவர் கேட்டிருந்தார். அதற்கு 'முகூர்த்தப்படம்' என்ற அன்பர் அளித்த அருள்வாக்கைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளை. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில், 'இந்த இடம் நடுநிலை நிறம்' என்று காட்டும் ஐடிராப்பர் கருவியை எடுத்து வேட்டியின் மேல் ஒரு முறை சொடுக்கினால் ஆல்பம் முழுவதற்கும் நிறம் சரியாகிவிடும். நிறத்தை ஒப்பிடப் பயன்படும் சாம்பல் அட்டையான கிரே கார்டு என்பது கடைக்காரர்கள் காசு பார்க்கும் வழி. இதுதான் அவர் சொன்னது. இதற்கு விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்தால் சென்னையில் பாதிப் பேர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள் போலும்.

வேட்டி வெள்ளை என்று யார் சொன்னது? சொட்டு நீலம் போட்டு அலசிய பருத்தி வேட்டியில் நீலம் இருக்கிறது. நீலமே போடாவிட்டாலும், சலவைத்தூளில் உள்ள வெளுப்பூட்டி புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்கு அது பளிச்சென்ற வெண்மை; கேமரா சென்சாருக்கு அது நீலம். அந்த நீலத்தை நடுநிலைச் சாம்பல் என்று மென்பொருளிடம் பொய் சொன்னால், அது படம் முழுவதிலும் நீலத்தைக் குறைத்து மஞ்சளை ஏற்றும். மணப்பெண்ணின் முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆகும், அரக்குப் புடவை செங்கல் நிறத்துக்குப் போகும். இதைத்தான் அன்பர் 'சரியாகிவிடும்' என்கிறார்.

முகூர்த்தப்படம்:
மாடவீதி ஐயா மீண்டும் எழுந்தருளியதில் மகிழ்ச்சி. 50 மி.மீ. லென்ஸ் விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் பாதியில் காணாமல் போனவர், இப்போது சலவைத்தூள் ஆராய்ச்சியோடு திரும்பியிருக்கிறார்.

ஐயா, நான் ஒரு திருமணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறேன். விடியற்காலை முகூர்த்தம், ஹோமப் புகை, வீடியோக்காரரின் எல்இடி விளக்கு, மேலே குழல் விளக்கு, பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம். தாலி கட்டும் நேரத்தில், 'மாமனாரே, இந்தச் சாம்பல் அட்டையைக் கொஞ்சம் முகத்தருகே பிடியுங்கள்' என்று நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், நாதஸ்வரக்காரரே எழுந்து வந்து உங்களை வெளியே அனுப்புவார். வேட்டி எல்லாப் படத்திலும் இருக்கிறது, கிரே கார்டு எந்தப் படத்திலும் இல்லை. எனவே வேட்டி. இதுவரை எந்த வாடிக்கையாளரும் தன் பெண்ணுக்குக் காமாலை வந்துவிட்டதாக என்னிடம் சொன்னதில்லை.

மாடவீதி:
வாடிக்கையாளர் சொல்லவில்லை என்பது சான்றாகாது. அவர் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த ஆல்பம் மட்டுமே, ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறொன்று இல்லை.

நீங்கள் வசதியாக மறந்த மற்றொன்றையும் சொல்கிறேன். முகூர்த்தத்தில் பெரும்பாலான மாப்பிள்ளைகள் கட்டுவது பட்டு வேட்டி. அது வெள்ளையே அல்ல. சந்தன நிறம், சில தறிகளில் அதைவிடவும் மஞ்சள். புதுத்துணி என்பதால் நுனியில் மஞ்சள் வேறு தடவியிருப்பார்கள். பட்டு வேட்டியின் மேல் சொடுக்கினால் படம் நீலத்துக்குச் சாயும். துவைத்த பருத்தி வேட்டியின் மேல் சொடுக்கினால் மஞ்சளுக்குச் சாயும். மாப்பிள்ளை பட்டிலும் அவருடைய தந்தை பருத்தியிலும் ஒரே மேடையில் நிற்கும்போது எந்த வேட்டியைச் சொடுக்குவீர்கள்? மேடைப் படத்துக்கு ஒன்று, பந்திப் படத்துக்கு ஒன்றா?

இத்தோடும் முடியவில்லை. ஃபிளாஷ் வெளிச்சத்தில் புற ஊதா ஓரளவு உண்டு, ஆகவே வெளுப்பூட்டி அதில் ஒளிரும். மண்டபத்தில் இருக்கும் சாதாரண வெள்ளை எல்இடியில் புற ஊதா அநேகமாக இல்லை, ஆகவே அதே வேட்டி அங்கே அவ்வளவாக ஒளிராது. விளக்கு மாறினால் தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும் துணியை அளவுகோல் என்று அழைப்பவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வலைநெசவு:
நான் இணையதள வடிவமைப்பாளர், வேளச்சேரி. இருவருக்கும் ஒரு கேள்வி. 'சரியான நிறம்' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? பகல் வெளிச்சத்தில் அந்தத் துணிக்கு இருக்கும் நிறமா, மண்டபத்தில் அன்று விருந்தினர் கண்ணுக்குப் பட்ட நிறமா, பார்ப்பவர் விரும்பும் நிறமா? மூன்றும் வெவ்வேறு வேலைகள். நெய்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தை 6500 கெல்வின் பகல்போல் ஆக்கினால், அளவுப்படி சரியாக இருந்தாலும் அந்தக் காலைப்பொழுது தொலைந்துவிடும். இதைத் தீர்மானிக்காமல் வேட்டியா அட்டையா என்று பேசுவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

முகூர்த்தப்படம்:
அம்மா, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் ஐயா வேட்டி வெள்ளையா என்று கேட்டிருக்கிறார், முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். பட்டு வேட்டி சந்தன நிறம் என்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது வெள்ளை வேட்டி. வெள்ளையாக இருக்கும் வேட்டி. அது இல்லாவிட்டால் சட்டை. சட்டையும் இல்லாவிட்டால் ஐயர் தோளில் போட்டிருக்கும் துண்டு. பந்தலில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை.

மாடவீதி:
ஆக, வேட்டியிலிருந்து சட்டைக்கும், சட்டையிலிருந்து துண்டுக்கும் இறங்கியாயிற்று. அடுத்தது கைக்குட்டையா?

துண்டும் அதே சலவைத்தூளில் துவைத்ததுதான். மேலும் ஃபிளாஷ் பட்ட வேட்டியின் நடுப்பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களும், 0 முதல் 255 வரையிலான அளவில் உச்சியான 255-ஐத் தொட்டு நிற்கும். அங்கே நிறத்தைப் பற்றிய தகவலே மிஞ்சுவதில்லை. லைட்ரூமே அந்த இடத்தில் சொடுக்கினால், இது மிக வெளிச்சமாக இருக்கிறது, வேறிடம் பாருங்கள் என்று மறுத்துவிடும். உங்கள் மென்பொருள் உங்களைவிட அடக்கமாக இருக்கிறது.

பட்டுக்கடைப்பிள்ளை:
தியாகராய நகரில் எங்கள் குடும்பத்துக்குப் பட்டுக்கடை. இணையத்திலும் விற்கிறோம். திரும்பி வரும் புடவைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நிறம்தான், எனவே இந்தப் பேச்சு எனக்கு வயிற்றுப்பிழைப்பு. கடைக்கு நேரில் வருபவர்கள் குழல் விளக்கை நம்புவதே இல்லை; புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்த்த பிறகுதான் பில் போடச் சொல்வார்கள். இணையத்தில் வாங்குபவருக்கு அந்த வாசல் இல்லை. அதனால் அரக்கு, மிளகாய்ப்பழச் சிவப்பு இரண்டுக்கும் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்வை, கொஞ்சம் ஏற்றி வைக்கிறோம், அப்போதுதான் செல்பேசியில் பட்டு பட்டாகத் தெரிகிறது.

எனக்குத் தீராத தலைவலி மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. ஒரே படத்தில் எந்த நிறத்தைக் காட்டுவது? எம்.எஸ். ப்ளூ கேட்டு வருபவர்களோ ஆளுக்கொரு நீலத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

மாடவீதி:
தம்பி, சாச்சுரேஷனை ஏற்றுவது நோயைவிடக் கொடிய மருந்து. சிவப்புப் பட்டில் சிவப்புச் சேனல் ஏற்கெனவே உச்சியில் இருக்கும். இன்னும் ஏற்றினால் அது 255-இல் முட்டி நின்றுவிடும்; மடிப்பின் நிழலும் இழையின் நெளிவும் ஒரே சிவப்புக் குழம்பாகிவிடும். வைரஊசிக் கோடு போட்ட புடவையில் கோடே காணாமல் போகும். மூன்று சேனலுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச அளவு வரைபடத்தைப் பார்க்காமல் சிவப்பில் கைவைக்காதீர்கள். ஜேபெக் என்ற சுருக்கிய படக்கோப்பு வேறு, நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் பொதுவாகச் சேமிக்கிறது. சிவப்புப் புடவையின் ஓரத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

மயில்கழுத்துக்கு ஒரு படம் போதாது. மடிப்பைத் திருப்பி இரண்டு படம் போடுங்கள். ஆனால் இவை அனைத்துக்கும் முன்னால், கடையில் வெள்ளை வேட்டியை வைத்து ஒயிட் பேலன்ஸ் செய்துவிடாதீர்கள். கிரே கார்டு எல்லா அலைநீளங்களையும் ஏறக்குறைய சமமாகத் திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்டது. வேட்டி கட்டிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது.

முகூர்த்தப்படம்:
கடைக்காரத் தம்பி வேட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. அங்கேயும் வேட்டியைக் கொண்டுபோய் நுழைக்கும் ஐயாவின் அக்கறையை என்னென்பது! தம்பி, ஐயா சொல்வதைக் கேட்டு இரண்டிரண்டு படம் எடுத்தால் தீபாவளிச் சரக்கு பொங்கலுக்குத்தான் இணையத்தில் ஏறும்.

வலைநெசவு:
பட்டுக்கடைப்பிள்ளை, உங்கள் தளத்தை இப்போதுதான் பார்த்தேன். படங்கள் மங்கலாகத் தெரிவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். படமெடுப்பவர் அதிக நிறங்களைக் கொள்ளும் அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் சேமித்துத் தருகிறார், நீங்கள் தளத்தில் ஏற்றும்போது கோப்பைச் சுருக்கும் கருவி எந்த நிறவெளி என்று சொல்லும் புரொஃபைலை நீக்கிவிடுகிறது என்றால், உலாவி அந்தப் படத்தை இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளி என்று எடுத்துக்கொண்டு நிறங்களைச் சோர்வாகக் காட்டும். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலோடு ஏற்றுங்கள். பிறகு சாச்சுரேஷன் தேவைப்படுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, 'வாங்க' என்ற பொத்தானில் ஆரஞ்சின் மேல் வெள்ளை எழுத்து வைத்திருக்கிறீர்கள். சிவப்பு, பச்சை, நீல அளவுகள் முறையே 255, 165, 0 என்ற வழக்கமான ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் கான்ட்ராஸ்ட் விகிதம், அதாவது வெளிச்ச வேறுபாட்டின் அளவு, 2-ஐக்கூட எட்டாது. இணையதளங்களை எல்லோரும் படிக்க வசதியாக அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கிறது. 128, 0, 0 என்ற அரக்கில் வெள்ளை எழுத்து வைத்தால் ஏறத்தாழ 11 கிடைக்கும். உங்கள் கடைக்கும் அதுதான் பொருத்தம்.

பட்டுக்கடைப்பிள்ளை:
அக்கா, அந்த ஆரஞ்சை அப்பா தேர்ந்தெடுத்தார், கடைப் பையின் நிறம் அது. மாற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வெள்ளை எழுத்துக்குப் பதில் கறுப்பு வைத்தால் போதுமா?

வலைநெசவு:
தாராளமாகப் போதும். அந்த ஆரஞ்சில் கறுப்பு எழுத்துக்கு விகிதம் 10-ஐத் தாண்டும்.

முகூர்த்தப்படம்:
ஆரஞ்சில் கறுப்பு எழுத்தா? பேருந்து நிறுத்தத்து எச்சரிக்கைப் பலகைபோல் இருக்கும். விகிதத்தைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கும் காலம் வந்துவிட்டது, கண் எதற்கு இருக்கிறதோ தெரியவில்லை. என் தளத்தில் வெள்ளையின் மேல் வெளிர்சாம்பலில்தான் எல்லாம் எழுதியிருக்கிறேன். நேர்த்தியாக இருப்பதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

வலைநெசவு:
சித்திரை வெயிலில் மவுண்ட் ரோட்டில் நின்றுகொண்டு உங்கள் தளத்தைச் செல்பேசியில் திறந்து பாருங்கள், அந்த நேர்த்தி எங்கே போகிறது என்று தெரியும். வெள்ளையின் மேல் 118, 118, 118 என்ற சாம்பல் 4.5-ஐச் சற்றே தாண்டும். 119, 119, 119 தாண்டாது. உங்கள் சாம்பல் இவை இரண்டையும்விட எவ்வளவோ வெளிறியது. உங்கள் தொலைபேசி எண்ணை நான் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருந்தது.

மாடவீதி:
அம்மணி சொல்வது முழுக்க நியாயம். ஆனால் இதில் வியப்பில்லை. வேட்டியை வெள்ளை என்று பார்க்கும் கண், வெளிர்சாம்பலைக் கறுப்பு என்று பார்த்திருக்கும்.

நடுநிலை நங்கநல்லூர்:
பெரியவர்கள் இருவருக்கும் வணக்கம். வேலைக்கு முன்பு ஒரே ஒரு படம் மட்டும் கிரே கார்டோடு எடுத்துக்கொண்டு, விளக்கு மாறும்போது இன்னொன்று எடுத்துக்கொண்டால் சண்டைக்கே இடமில்லையே? வேட்டி அவசரத்துக்கு இருக்கட்டும்.

முகூர்த்தப்படம்:
நங்கநல்லூர் அன்பருக்கு: ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்திலும் எல்இடி மறு கன்னத்திலும் விழும்போது உங்கள் அட்டையை எந்தக் கன்னத்துக்குக் காட்டுவது? வரவேற்பு மேடையில் ஊதா விளக்கு போட்டால் நீலச் சேனல் முட்டி நிற்கும், அங்கே அட்டையும் ஊதாதான். நான் வேட்டியைச் சொடுக்கிவிட்டு, முகத்தைப் பார்த்து நிற வெப்பநிலையை, அதாவது மஞ்சள்-நீலச் சாய்வை, கையால் கொஞ்சம் நகர்த்துவேன். அனுபவம் என்று ஒன்று இருக்கிறது.

மாடவீதி:
கவனித்தீர்களா அன்பர்களே! 'ஒரு சொடுக்கில் ஆல்பம் முழுவதும் சரி' என்றவர், இப்போது சொடுக்கிய பிறகு கையால் நகர்த்துகிறாராம். சொடுக்கியதே சரி என்றால் எதற்காக நகர்த்த வேண்டும்?

முகத்தைப் பார்த்து நகர்த்துகிறேன் என்றீர்களே, அதைத்தான் நான் அஞ்சுகிறேன். நகரத்தின் ஆல்பங்களில் மாநிறப் பெண் ஒருத்தியையாவது பார்க்க முடிகிறதா? எல்லோரும் சுண்ணாம்பு பூசியதுபோல் நிற்கிறார்கள். கோடக் படச்சுருள் காலத்தில் ஆய்வகங்கள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட ஷெர்லி அட்டையை வைத்து நிறத்தைச் சரிபார்த்தன. கறுத்த தோல் அதில் கணக்கிலேயே வரவில்லை. இன்று அந்த அட்டை இல்லாமலே நாமே அதைச் செய்துகொள்கிறோம்.

முகூர்த்தப்படம்:
வெளுப்பாக்கச் சொல்வது பெண்ணின் அம்மா, நான் அல்ல. முடியாது என்று சொன்னால் அடுத்த தெருவில் இருப்பவரிடம் போவார்கள், மீதித் தொகை என் கைக்கு வராது. நிறத்தைப் பற்றி உபதேசம் செய்யும் ஐயா எத்தனை பெண்களின் அம்மாக்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்?

வேட்டி விஷயத்துக்கு வாருங்கள். சென்ற மாதம் நான் எடுத்த படம் ஒன்றைக் கீழே இணைத்திருக்கிறேன். வேட்டியின் மேல் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான், கையால் எதையும் நகர்த்தவில்லை. முகத்தையும் புடவையையும் பார்த்துவிட்டுக் காமாலை எங்கே என்று காட்டுங்கள்.

பட்டுக்கடைப்பிள்ளை:
புடவை மாம்பழ மஞ்சளா, தேன் நிறமா? எங்கள் கடையில் இரண்டுமே இருக்கின்றன, எனக்கே தெரியவில்லை.

மாடவீதி:
தம்பியின் கேள்வியிலேயே தீர்ப்பு இருக்கிறது. புடவை மஞ்சள் என்பதால் மஞ்சள் ஏறியது தெரியாத படமாகத் தேடி எடுத்து வந்திருக்கிறீர்கள். அரக்குப் புடவைப் படத்தைக் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் நசுங்கிய ஜேபெக் வேண்டாம், கேமரா பதிவுசெய்த மூலத் தகவலான ரா கோப்பைத் தாருங்கள். 14 பிட் கோப்பில் ஒரு சேனலுக்கு 16,384 படிகள் இருக்கும், ஜேபெக்கில் 256-தான். வேட்டியில் நீலம் எத்தனை படி கூடுதலாக இருக்கிறது என்று அதில் எண்ணிக் காட்டுகிறேன்.

முகூர்த்தப்படம்:
ரா கோப்பை யாருக்கும் தருவதில்லை, அது என் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வேண்டுமானால் தை மாதத்தில் வந்து என் திரையில் பாருங்கள்.

வலைநெசவு:
அந்தப் படத்தில் புரொஃபைலே இல்லை. நாம் நால்வரும் நான்கு வெவ்வேறு மஞ்சளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாடவீதி:
புரொஃபைல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வேட்டி நீலம்தான், அம்மணி. ஒப்பந்தத்தைக் காட்டி ஒளிந்துகொள்பவரிடம் மேற்கொண்டு பேசுவதற்கில்லை. ஆனாலும் தை மாதம் எந்த நாள், எத்தனை மணி என்று இங்கேயே எல்லோர் முன்னிலையிலும் எழுதச் சொல்லுங்கள். கிரே கார்டை நானே கொண்டுவருகிறேன்.