அரசுப் பணம் காப்பீட்டுக்கா, அரசு மருத்துவமனைக்கா?

கேள்வி (ஏற்காடு): காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் அண்ணிக்கு மாரடைப்பு வந்தபோது, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், கைக்காசு செலவின்றி ஸ்டென்ட் (அடைபட்ட இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். ஆனாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அவரை இறக்கிக்கொண்டு வந்த நேரத்தை நினைத்தால் இன்றும் நடுங்குகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் காப்பீட்டுக்கான பணத்தை, மலையிலுள்ள அரசு மருத்துவமனைகளுக்கே செலவிடக் கூடாதா?

பதில் 1 (அஸ்தம்பட்டி): அந்தப் பணம் முழுவதும் தனியாருக்குப் போவதில்லை, ஐயா. இத்திட்டத்தில் சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் தொகை வந்து சேர்கிறது. ஸ்டென்ட் வைக்கும் வசதியை ஒவ்வொரு வட்டத்திலும் நிறுவுவதும், அதற்கான வல்லுநர்களை எப்போதும் பணியில் வைத்திருப்பதும் கடினம்.

பதில் 2 (ஆத்தூர்): நான் கேள்வி கேட்டவரின் பக்கமே நிற்கிறேன். காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகே கைகொடுக்கிறது. மாரடைப்புக்கு வழிவகுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் வேண்டிய மாத்திரைகளை என் தாயாருக்கு ஆரம்ப சுகாதார நிலையமே இலவசமாகத் தருகிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புவதால்தான் அது இயல்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் மாத்திரைகளும் இந்த வழியில்தான் வீடு தேடி வருகின்றன.

கேள்வி கேட்டவர்: அண்ணிக்கு இரத்த அழுத்தம் இருந்ததே அன்றுதான் தெரிந்தது. மலைக் கிராமங்களில் பரிசோதனை முதலில் வரட்டும்.